முனியம்மா ஊற்றாத பால்

புட்டியிலோ குழாயிலோ பால் புகட்டும்போது கன்று ஒருமுறை இருமினாலும் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். தலையைக் கீழே தாழ்த்த விடுங்கள். பால் சிந்தினால் சிந்தட்டும். உங்களுக்கு இதைப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொல்லித்தான் தந்தார்கள். தெரியாமல் செய்த தப்பு என்றால் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுத மாட்டேன். தெரிந்தே செய்தேன்.

போன மாதம் உங்கள் கொட்டகையைப் பார்க்க வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "சார், உங்க சர்வீஸ்ல எத்தனை கன்னு செத்திருக்கும்?" நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். கழிச்சலில் போனவை, கோமாரியில் போனவை, காரணமே தெரியாமல் விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தவை என்று நிறைய உண்டு. எண்ணிக்கை நினைவில்லை. என் கையால் செத்தது ஒன்று. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதோடு சேர்ந்து ஒரு பெண்ணுக்கு நான் செய்ததையும் சொல்லவேண்டும். இரண்டையும் பிரிக்க முடியாது.

யுத்த காலத்தில் நான் பட்டாளத்துப் பால் பண்ணை ஒன்றில் கன்றுக் கொட்டகை வேலைக்குச் சேர்ந்தேன். பிறந்த கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, வாளியில் பால் குடிக்கப் பழக்குவது அங்கே வழக்கம். விரலைக் கன்றின் வாயில் கொடுத்து, அது சப்பத் தொடங்கியதும் கையை மெல்ல வாளிக்குள் இறக்கவேண்டும். இரண்டு மூன்று வேளையில் கன்று தானாகக் குடித்துவிடும். அந்த வித்தை எனக்கு நன்றாக வந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் 'பட்டாளத்துப் பண்ணையில் படிச்சவன்' என்ற பெயர் என்கூட வந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஐயா என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். இரண்டு தலைமுறைக்கு முன்பே பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். லிங்கராஜபுரம் அப்போது பாதிக்கு மேல் ராகி வயல். அதில் கொஞ்சம் நிலம் வாங்கி, கொட்டகை போட்டு, ஒன்பது மாடு வைத்திருந்தார். கன்றுகளை முறையாக வளர்த்து நல்ல மாடுகளாக ஆக்கவேண்டும் என்பது அவர் கனவு. பண்ணைக்குள்ளேயே எனக்கு ஓர் அறை கொடுத்தார். அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

அங்கே பால் கறப்பது முனியம்மா. ஜீவனஹள்ளியிலிருந்து விடியும் முன்பே நடந்து வந்துவிடுவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. எங்களோடு தமிழில் பேசுவாள், மாடுகளோடு கன்னடத்தில் பேசுவாள். ஏன் என்று கேட்டால், "அதுங்க பொறந்தது கோலார் பக்கம். நம்ம பாசை அதுங்களுக்கு எங்க தெரியும்?" என்பாள். மாடுகளுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். செவலை மாட்டுக்குக் கெம்பி, வெள்ளை மாட்டுக்கு பெள்ளி. பட்டாளத்தில் நான் நம்பர் சொல்லித்தான் மாடுகளைக் கூப்பிட்டுப் பழகியிருந்தேன்.

அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். ஒருமுறை பெள்ளி கன்று போட்டதும் ஐயாவின் வீட்டம்மா பாத்திரத்தோடு கொட்டகைக்கு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், சீம்பாலில் கிண்ணு என்னும் இனிப்பு செய்யவேண்டும், கறந்து கொடு என்றார். முனியம்மா மடியில் கையே வைக்கவில்லை.

"முதல்ல கன்னு குடிக்கட்டும்மா. மிஞ்சினா நானே கொண்டாந்து தரேன்."

"மாடு யாரோடது முனியம்மா?"

"உங்களோடதுதாம்மா. பால் கன்னோடது."

வீட்டம்மா பாத்திரத்தோடு திரும்பிப் போனார். அதை அவர் மறக்கவும் இல்லை. நான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சீம்பால் குடிக்காத கன்று என்ன ஆகும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொன்னது அவள்.

அடுத்த மழைக்காலத்தில் கெம்பி ஈன்றது. ஐயா மிகவும் எதிர்பார்த்திருந்த கன்று அது. ஒரு நல்ல ஜாதிக் காளைக்குப் பிறந்த கிடேரி. ஆனால் வலி எடுத்து அரை நாள் ஆகியும் வெளியே வரவில்லை. நானும் முனியம்மாவும் சேர்ந்து இழுத்துத்தான் எடுத்தோம். எழுந்து நிற்கவே மத்தியானம் ஆகிவிட்டது. முனியம்மா அதன் வயிற்றடியில் தோளைக் கொடுத்துத் தூக்கி, காம்பை வாயில் வைத்துப் பீய்ச்சிப் பீய்ச்சிக் குடிக்க வைத்தாள்.

மூன்றாம் நாள் கன்றைத் தனிக்கொட்டிலுக்கு மாற்றினேன்.

"இன்னும் ரெண்டு நாள் தாய்கிட்ட விடு தம்பி," என்றாள். "ஸ்வல்ப தெம்பு வரட்டும்."

"கன்னுக் கொட்டகை என் பொறுப்புக்கா," என்றேன்.

கன்று வாளியைத் தொடவில்லை. விரலைச் சப்பும், கையை இறக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்று முழுக்க அப்படித்தான் போனது. மறுநாள் காலை ஐயா தன்னோடு வேலை பார்த்த இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் காட்டி, "பாருங்க, நம்ம ஆரோக்கியம் விரலைக் குடுத்தா நாலு நாள் கன்னு வாளியில குடிக்கும். சீமையில எல்லாம் இப்படித்தான்," என்றார். நான் மண்டியிட்டு உட்கார்ந்து விரலைக் கொடுத்தேன். கன்று திரும்பிக்கொண்டது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் திரும்பிக்கொண்டது. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "கன்னுக்குப் பட்டாளத்து ஆர்டர் புரியலை போலிருக்கு."

ஐயாவின் முகம் வாடிவிட்டது. "காபி குடிச்சிட்டு வரோம் ஆரோக்கியம். அதுக்குள்ள குடிக்க வச்சிடு," என்று சொல்லி அவர்களை வீட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

மாடுகளுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் கறவைக் கொட்டகைத் தூணில் தொங்கிக்கொண்டிருக்கும். வயிறு உப்பிய மாட்டுக்கு முனியம்மா அதில்தான் கஷாயம் கொடுப்பாள். அதை எடுத்துவந்தேன். கன்றின் கழுத்தை என் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, தாடையைப் பிடித்து மேலே தூக்கி, பாலை ஊற்றினேன். முதல் குழாய்ப் பால் உள்ளே போனது. இரண்டாவதில் இருமிற்று. மூக்கு வழியாகப் பால் வந்தது.

அடுத்த கொட்டிலில் கறந்துகொண்டிருந்த முனியம்மா எழுந்து ஓடிவந்தாள். "தம்பி, இருமுது! விட்டுடு! விடு தம்பி!"

வீட்டுப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வாளியில் இன்னும் கால் பங்கு இருந்தது. அதையும் ஊற்றினேன்.

அவர்கள் உள்ளே வந்தபோது வாளி காலி. குழாய் பழையபடி தூணில். கன்றின் முகமெல்லாம் பால். "குடிச்சிடுச்சுங்க ஐயா," என்றேன். ஐயா நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு பெருமை. என் தோளில் தட்டிக்கொடுத்தார். முனியம்மா கறந்த பாலை எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனாள்.

மறுநாள் கன்றின் காதுகள் தொங்கிவிட்டன. விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கியது. உடம்பு கொதித்தது. கால்நடை டாக்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டார். "சளி கட்டியிருக்கு. எதனாலன்னு தெரியலை," என்றார். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருந்தாலும் கன்று பிழைத்திருக்காது என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். இருக்கலாம். இந்தத் தொழிலில் மருத்துவரிடம் மறைத்துவிட்டு அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நிலை உங்களுக்கு வரவேண்டாம்.

கன்று மேலும் இரண்டு நாள் கிடந்தது. முனியம்மா கறவை முடிந்ததும் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சாக்கை வெயிலில் காயவைத்து எடுத்துவந்து போர்த்துவாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் பிற்பகலில் கன்று இரண்டு தடவை காலை உதைத்துவிட்டு அடங்கியது.

ஐயா இடிந்துபோனார். காரணம் தெரிந்தாகவேண்டும் என்று மறுபடி டாக்டரை வரவழைத்தார். டாக்டர் கொட்டகைக்குப் பின்னால் கன்றை அறுத்துப் பார்த்தார். நுரையீரல் ஈரல்போலக் கறுத்து இறுகியிருந்தது. வெட்டியதும் வந்த நாற்றத்தைச் சொல்ல முடியாது. உள்ளே திரிந்த பால்.

"யாரோ வாயில பாலை ஊத்தியிருக்காங்க," என்றார் டாக்டர். "எல்லாம் நுரையீரலுக்குப் போயிருக்கு. யார் ஊத்தினது?"

நாங்கள் நான்கு பேர்தான் அங்கே நின்றோம். ஐயா, டாக்டர், முனியம்மா, நான். ஐயா என்னைப் பார்க்கவே இல்லை. நேராக முனியம்மா பக்கம் திரும்பினார்.

"ஆரோக்கியம் வாளியிலதான் குடுத்தான். காலி வாளியை என் கண்ணால பாத்தேன். குழாய் உன்கிட்டதான் இருக்கு. குழாயில ஊத்தற வழக்கமும் உனக்குத்தான்."

"நான் ஊத்தல எஜமான்."

"அப்ப யாரு? பட்டாளத்துல படிச்சவனா ஊத்துவான்?"

அவள் என்னைப் பார்த்தாள். என்மேல் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. அடுத்து நான்தான் பேசுவேன் என்று காத்திருப்பவளின் பார்வை. ஒரு நிமிஷம்கூட இருக்காது. என் மனைவிக்கு அது எட்டாம் மாதம். நாங்கள் இருந்த அறை பண்ணையுடையது. இதெல்லாம் அந்த நேரத்தில் மனதில் ஓடியதாகச் சொன்னால் பொய். எதுவும் ஓடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கால் விரலில் கன்றின் ரத்தம் பட்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளையிலிருந்து வரவேண்டாம்," என்றார் ஐயா.

முனியம்மா தொட்டிக்குப் போய்க் கை கழுவினாள். கெம்பி கன்றைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். பிறகு போய்விட்டாள்.

புதிதாக வந்த கறவைக்காரருக்குக் கெம்பி பால் சுரக்கவில்லை. மடி கல்லாக இறுகிவிட்டது. கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தைக்கச் சொன்னார் ஐயா. அதைத் தினமும் இரண்டு வேளை கெம்பியின் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு வந்தது. வைக்கோல் கன்றைக் கெம்பி நக்கும். தலையிலிருந்து வால் வரைக்கும் நக்கி, நிமிர்ந்து என்னைப் பார்க்கும், மறுபடி நக்கும். பால் இறங்கும். கறந்து முடிந்ததும் நான் அதைத் தூக்கி மறைத்துவைப்பேன். கெம்பி கத்தும்.

என் மனைவி ஃபிலோமினாவிடம், "முனியம்மாக்கா வேலையை விட்டுட்டாங்க," என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். அவளுக்கு முனியம்மாமேல் உயிர். பிரசவத்துக்குக் கூட இருப்பதாக முனியம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். பதினோராம் நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே ஃபிலோமினா கேட்டாள்:

"கன்னுக்குக் குழாய்ல ஊத்தினது நீங்கதானே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பதினோரு நாளா நீங்க என் முகத்தைப் பாத்துப் பேசலை."

நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள். "வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் போய் நின்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

அப்படியே எழுந்து ஐயாவிடம் போனேன். அவர் முன்னறையில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தாளை மடித்துவைத்தார்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான்," என்றார். "கறக்கிற பொம்பளை எதுக்குக் கன்னுக்கு ஊத்தப்போறான்னு டாக்டரும் போகும்போது கேட்டாரு."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏங்க ஐயா?"

"கறக்க ஆள் கிடைக்கும் ஆரோக்கியம். கன்னு வளக்கத் தெரிஞ்ச ஆள் கிடைக்காது." அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி, நீயே போய்க் கூப்பிடு. வந்தா வரட்டும்."

நல்ல மனிதர்தான் அவர். மாடுகளை அடிக்க விடமாட்டார். எனக்குப் பிள்ளை பிறந்தபோது தொட்டில் வாங்கிக் கொடுத்தார். இப்படிப்பட்டவர்களும் அப்படிச் செய்வார்கள். உங்கள் திறமையை மதித்து உங்கள் தப்பை மறைக்கும் முதலாளி கிடைத்தால், அந்தத் தப்பு யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். எங்காவது இறங்கியே தீரும்.

அன்றே ஜீவனஹள்ளிக்குப் போனேன். வீட்டில் அவள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சுண்ணாம்புக் கலவை தூக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். கைகளைப் புடவையில் துடைத்தாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்திருந்தது. மாட்டின் காம்பில் அந்தக் கையை இனி வைக்க முடியாது என்று பார்த்த உடனே தெரிந்தது.

"ஐயாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்க்கா. உங்களை வரச் சொன்னாரு."

"வேலைக்குக் கூப்பிட வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்க்கா."

"ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்காத தம்பி." குரலை உயர்த்தவே இல்லை. "கன்னு செத்தது கைத்தப்பு. யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கு. நீ கீழ பாத்துக்கிட்டு நின்னியே, அது கைத்தப்பு இல்ல. அங்க திரும்பி வந்தா தினம் காலையில எழுந்து உன் முகத்துல முழிக்கணும். என்னால ஆவாது."

மேஸ்திரி கூப்பிட்டார். போகத் திரும்பியவள் நின்று, "ஃபிலோமினாவுக்கு நாள் நெருங்குது. ராகிக் கஞ்சியை விடாம குடிக்கச் சொல்லு," என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பிரசவத்துக்கு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்தப் பண்ணையில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தேன். குழாயைப் பிறகு நான் தொடவே இல்லை. குடிக்காத கன்றோடு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் தரையில் உட்கார்ந்திருப்பேன். யார் வந்து நின்றாலும் அவசரப்பட மாட்டேன். அதற்காக எனக்குப் பொறுமைசாலி என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை என்பதால் நானும் யாரிடமும் சொன்னதில்லை.

கன்று வளர்ப்பில் இரண்டு இடங்களில் உங்களுக்கு நேரமே இருக்காது. ஒன்று, கன்றின் தொண்டையில் உங்கள் கை இருக்கும் இடம். இன்னொன்று, யார் செய்தது என்று கேட்கும் இடம். முதலாவதில் தவறினால் ஒரு கன்று போகும், அந்தத் துக்கம் ஒருநாள் ஆறும். இரண்டாவதைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 'நான்தான்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பதினோரு நாள் கழித்து அதே வார்த்தையைச் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் முனியம்மாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கூட மகள், மகளின் இடுப்பில் ஒரு குழந்தை. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கலாமா என்று நினைப்பதற்குள் அவளே பார்த்துவிட்டாள். அருகில் வந்தாள்.

"இவரு ஆரோக்கியம் மாமா," என்று மகளிடம் சொன்னாள். "லிங்கராஜபுரத்துல என்கூட வேலை செஞ்சவரு. கன்னுங்கன்னா இவருக்கு உசுரு."

மகள் முகம் மலர்ந்து கை கூப்பினாள். குழந்தையின் கையையும் சேர்த்துப் பிடித்து, "தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு," என்றாள். அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. இத்தனை வருஷத்தில் முனியம்மா பெற்ற மகளிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. நான் முனியம்மாவைப் பார்த்தேன். அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள். நான் போகவேண்டியதும் அதே பஸ்தான். கை கூப்பியபடி நின்றுவிட்டேன்.